இந்தி சீரியல் டைரக்டர் வேலை: மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோரேகான் பக்கம் இந்தி சீரியல்களில் அசோசியேட் டைரக்டராக வேலை பார்க்கிறேன். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்தப் பொங்கல் விழாவுக்குப் போனாலும், யாராவது ஒரு பையனோ பெண்ணோ ஓரமாகக் கூப்பிட்டு இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சினிமா டைரக்டர் ஆவது எப்படி என்று தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு இதில் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது, அதுவும் பிடிக்காத பதில்.

சீரியல் டைரக்டர் என்றால் சினிமா டைரக்டர் மாதிரிதானே?

இல்லை. சினிமாவில் கடைசி வார்த்தை டைரக்டருடையது. குறைந்தபட்சம் அப்படித்தான் என்று எல்லோரும் நடந்துகொள்வார்கள். டெய்லி சீரியலில் கதை எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது சேனல், தயாரிப்பாளர், எழுத்தாளர்கள் சேர்ந்த கூட்டம். மருமகள் எந்தப் புடவை கட்ட வேண்டும் என்பதைக்கூட கதையும் தோற்றமும் சேனல் கேட்டபடி வருகிறதா என்று பார்க்கும் கிரியேட்டிவ் டீம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சேனலுக்கு அனுப்பி ஓகே வாங்கும். டைரக்டர் கையில் இருப்பது ஒன்றுதான்: இன்று வந்த சீனை இன்றே, இருக்கிற நடிகர்களை வைத்து, பார்க்கிறவர் ரிமோட்டைத் தொடாதபடி எடுத்துக் கொடுப்பது. கேட்க எளிதாக இருக்கும். பெரிய படம் எடுத்த ஆட்கள்கூட டெய்லி செட்டுக்கு வந்தால் மதியத்துக்குள் முழி பிதுங்கிப் போவார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

ஷிப்ட் 12 மணி நேரம். காகிதத்தில் காலை 9 முதல் இரவு 9. அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக 20 முதல் 22 நிமிடம் கதை வேண்டும், அது வாரத்துக்கு 5 நாளோ 6 நாளோ சில சேனலில் 7 நாளுமோ வேண்டும். சினிமாவில் ஒரு நாளைக்கு 2, 3 நிமிடம் எடுத்தால் நல்ல வேகம் என்பார்கள். கணக்கு உங்களுக்கே புரியும். அதனால்தான் செகண்ட் யூனிட் என்று இன்னொரு டைரக்டர், இன்னொரு கேமராமேனை வைத்து பக்கத்து ஃப்ளோரில் வேறு சீன் ஓடும்.

ஒரு சீனைக் காட்டுகிறேன். ஹால், பூஜை, பதினோரு கேரக்டர், மோதிரம் காணவில்லை, மாமியார் மருமகளைக் குற்றம் சாட்டுகிறார். இந்தி சீரியல் பார்க்கிற எவருக்கும் இதற்கு மேல் விளக்க வேண்டாம். மாமனாராக நடிக்கும் சீனியர் 2 மணிக்குக் கிளம்பியாக வேண்டும். மாமியார் 12 மணிக்குத்தான் வருவார், மேக்கப்புக்கு ஒரு மணி நேரம். டயலாக் பக்கங்கள் காலையில்தான் வந்தன. அதில் மூன்றாம் பக்கம் மாறும் என்று கிரியேட்டிவ் சொல்லிவிட்டார்.

இப்போது டைரக்டர் என்ன செய்வார்? சோபா பக்கம் லைட் போட்டு, அந்தத் திசையில் நிற்கிற அத்தனை பேருடைய க்ளோஸையும் ஒரே மூச்சில் எடுப்பார். மாமனார் கேட்டு அதிர்ச்சியடைய வேண்டிய வசனத்தை மாமியார் இன்னும் பேசவே இல்லை. கேமரா ஓரத்தில் நின்று என்னைப் போல ஒருவன் அதைத் தட்டையான குரலில் படிப்பான், அந்தக் குரலைக் கேட்டு அவர் கண் கலங்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு ரியாக்ஷன். அவர் போனதும் அவருடைய குர்தாவை டூப் ஒருவர் மாட்டிக்கொள்வார், அவருடைய தோளை ஓரத்தில் வைத்து மாமியாருக்கு சஜெஷன் ஷாட். மாமியார் பார்ப்பது மாமனாரை அல்ல, லைட் ஸ்டாண்டில் ஒட்டிய டேப் துண்டை. அந்த டேப் கேமராவுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டியது இடப்பக்கம் போய்விட்டால் லுக் மிஸ் ஆகும், டெலிகாஸ்டில் ரெண்டு பேரும் ஒரே சுவரை முறைத்துக்கொண்டு நிற்பார்கள். எடிட்டில் சரி செய்ய முடியாது, நடிகரும் கிடைக்க மாட்டார். இவற்றுக்கு நடுவில் எல்லோரும் ஒன்றாக இருக்கிற மாஸ்டர் ஷாட், அது மாமியார் மேக்கப் முடித்து வந்த பிறகு, மாமனார் கிளம்புவதற்கு முன்னால், ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில். அந்த ஒரு மணி நேரத்தைக் காலை 9 மணிக்கே மனதில் பத்திரப்படுத்தி வைத்தவர்தான் நல்ல டைரக்டர். லைட் சைடு மாற்றுவது ஒரு தடவைதான் நடக்க வேண்டும், இரண்டாவது தடவை மாற்றினால் பேக்கப், அதாவது அன்றைய ஷூட்டிங் முடிவது, நள்ளிரவுக்குப் போய்விடும்.

இதெல்லாம் நடக்கும்போது மூன்றாம் பக்கம் மாறி வரும்.

ஒரே சீரியலுக்கு டைட்டிலில் டைரக்டர் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறதே?

மூன்று வகை ஆட்கள் உண்டு. செட்டப் டைரக்டர் என்பவர் ஆரம்பத்தில் வந்து முதல் சில எபிசோடுகளை எடுப்பார்: வீட்டின் நிறம், கேமரா எப்படி நகர வேண்டும், நாயகி எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு அச்சைப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த சீரியலுக்குப் போய்விடுவார். அவருக்குச் சம்பளமும் பெயரும் கொஞ்சம் கூடுதல். அப்புறம் வருகிற எபிசோட் டைரக்டர்தான் வருஷக்கணக்கில் இழுப்பவர். மூன்றாவது செகண்ட் யூனிட்.

எபிசோட் டைரக்டருக்கு வேண்டிய முக்கியமான குணம், வேறொருவர் போட்ட அச்சில் தன் கைரேகை தெரியாமல் வேலை செய்வது. இதை அவமானமாக நினைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் அதிக நாள் தங்குவதில்லை. ‘தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா’ 2008-இல் தொடங்கி 4,000 எபிசோடைத் தாண்டி ஓடுகிறது. அதில் மாலவ் ராஜ்டா சுமார் 14 வருஷம் டைரக்டராக இருந்துவிட்டுப் போனார். அவர் போன அன்று கதை நடக்கும் அந்தக் காலனி மாறிவிட்டதாகப் பார்வையாளருக்குத் தோன்றக் கூடாது. தோன்றாமல் இருந்தால் வந்தவரும் நல்லவர், போனவரும் நல்லவர்.

முன்பெல்லாம் தூர்தர்ஷனில் டைரக்டருக்குத்தானே பெயர் இருந்தது?

ஆமாம், ஏனென்றால் அது வாரத் தொடர் காலம். ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ 78 எபிசோட், பி.ஆர். சோப்ரா தயாரித்து ரவி சோப்ரா இயக்கத்தில் வந்த ‘மகாபாரத்’ 94, ஷ்யாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ 53. ஆர்.கே. நாராயண் எழுதிய நம் சுவாமிநாதனை கர்நாடகத்து ஆகும்பேயில் ஓடவிட்ட ஷங்கர் நாக்கின் ‘மால்குடி டேஸ்’ கூட வார கணக்குதான். ஒரு டைரக்டரால் யோசிக்க, எடுக்க, எடிட்டில் உட்கார முடிந்தது.

1994-இல் ‘சாந்தி’ வந்து தினசரிப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தது. 2000 ஜூலையில் ‘க்யூங்கி சாஸ் பீ கபீ பஹு தீ’ வந்து 2008 வரை 1,800 எபிசோடுக்கு மேல் ஓடியபோது ஆட்டமே மாறிவிட்டது. அத்தனை எபிசோடை ஒரு மனுஷன் எடுக்க முடியாது, பெயர் தயாரிப்பாளரிடமும் சேனலிடமும் போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் கொஞ்சம் வித்தியாசம். ‘மெட்டி ஒலி’ என்றால் திருமுருகன், ‘கோலங்கள்’ என்றால் திருச்செல்வம் என்று வீட்டுப் பெண்களுக்கும் தெரியும், இரண்டு பேருமே அதில் நடிக்கவும் செய்ததால் முகமும் தெரியும். இந்தியில் அப்படி ஒரு டைரக்டரின் முகத்தை என் சித்தியிடம் காட்டினால் யார் இந்தப் பையன் என்று கேட்பார்.

1,000 எபிசோட் இயக்கிய டைரக்டர் உண்டா?

உண்டு. உலக அளவில் எல்லோரும் சொல்லும் பெயர் அமெரிக்காவின் ஜேம்ஸ் பர்ரோஸ். 1974-இல் ‘மேரி டைலர் மூர் ஷோ’வில் தொடங்கியவர், ‘சியர்ஸ்’ தொடரை உருவாக்கிய மூவரில் ஒருவர், ‘ஃப்ரெண்ட்ஸ்’ முதல் எபிசோடை எடுத்தவர், ‘வில் அண்ட் கிரேஸ்’ தொடரின் அத்தனை எபிசோடும் அவருடையது. மொத்தம் 1,000-க்கு மேல். மானிட்டரையே பார்க்க மாட்டாராம். கேமராக்களுக்குப் பின்னால் நடந்துகொண்டே வசனத்தின் தாளத்தைக் காதால் கேட்டு, சிரிப்பு விழ வேண்டிய இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பார்.

ஆனால் அந்த 1,000-ஐயும் நம் ஊர் 1,000-ஐயும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அங்கே காமெடித் தொடர் ஒரு எபிசோடுக்கு ஒரு வாரம்: முதலில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பு, பல நாள் ஒத்திகை, வாரக் கடைசியில் பார்வையாளர்களை உட்காரவைத்து நான்கு கேமராவில் ஒரே இரவில் ஷூட்டிங். அவருக்கு 1,000 எட்ட 40 வருஷம் ஆனது. வாரம் 5 நாள் ஓடும் இந்தி டெய்லி நான்கே வருஷத்துக்குள் 1,000-ஐத் தொட்டுவிடும். எண்ணிக்கையில் அவரை மிஞ்சிய ஆட்கள் மலாட் பக்கம் ஆட்டோவுக்குக் காத்திருக்கலாம், யாருக்கும் தெரியாது. எனக்கு அவரிடம் பொறாமை அந்த எண்ணில் இல்லை, ஒத்திகை நாட்களில்தான்.

இந்தியில் நீங்கள் மதிக்கும் சீரியல் டைரக்டர் யார்?

பி.பி. சிங். தயங்காமல் சொல்வேன். புனே ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டில் ஒளிப்பதிவு படித்துவிட்டு மும்பை தூர்தர்ஷனில் கேமராமேனாக இருந்தவர். 1995-இல் ‘ஆஹட்’ என்ற பேய்த் தொடர், 1998 ஜனவரியில் ‘சிஐடி’ என்ற துப்பறியும் தொடர். 2018 அக்டோபர் வரை 1,547 எபிசோட், பிறகு 2024 டிசம்பரில் மறுபடி ஆரம்பித்தது. அதில் இன்ஸ்பெக்டர் தயா கதவை உடைப்பதையும், ‘குச் தோ கட்பட் ஹை’ (ஏதோ கோளாறு இருக்கிறது) என்ற வசனத்தையும் வைத்து எல்லோரும் மீம் போடுகிறோம், சரிதான், நானும் சிரிப்பேன். ஆனால் செட்டில் நிற்கிறவன் கண்ணுக்கு வேறொன்று தெரியும்.

2004-இல் ஒரு சிறப்பு எபிசோடை 111 நிமிடம் ஒரே ஷாட்டில் எடுத்தார்கள். ஒரு கட் கூட இல்லை, கின்னஸிலும் ஏறியது. இதை சாதனைக்காகச் செய்த வித்தை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: வாரா வாரம் எபிசோட் தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு யூனிட், அதே நடிகர்கள், அதே லைட் தாதா, அதே ஸ்பாட் தாதா (லைட் போடுபவரையும் டீ, நாற்காலி கொண்டுவருபவரையும் செட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்). வருஷக்கணக்காகச் சேர்ந்து வேலை செய்து ஒருவர் மூச்சு இன்னொருவருக்குத் தெரிந்திருந்தால்தான் 111 நிமிடம் யாரும் யாரையும் இடிக்காமல் நகர முடியும். புதிதாகக் கூடிய சினிமா யூனிட்டிடம் காசு கொட்டிக் கொடுத்தாலும் அது எளிதில் வராது. தமிழில் திருமுருகன் ‘நாதஸ்வரம்’ 1,000-ஆவது எபிசோடை 2014-இல் ஒரே ஷாட்டில் நேரடி ஒளிபரப்பாகவே செய்தார், அதுவும் இதே ரகம். தினமும் செய்கிற வேலை கையில் என்ன சேர்த்து வைக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டையும்தான் காட்டுவேன்.

டிஆர்பி டைரக்டரைப் பாதிக்குமா?

பாதிக்கும். வியாழக்கிழமை பார்க் (BARC) அமைப்பின் ரேட்டிங், அதாவது எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு வரும். அன்று காலை செட்டில் யாரும் ஜோக் அடிக்க மாட்டார்கள். நம்பர் நன்றாக இருந்தால் கதைக்கும் நாயகிக்கும் பாராட்டு. விழுந்தால் ‘எபிசோடில் எனர்ஜி இல்லை’ என்று டைரக்டருக்குப் போன். இரண்டு மூன்று வாரம் விழுந்தால் லீப், அதாவது கதை ஒரே நாளில் 5 வருஷமோ 20 வருஷமோ தாண்டும், அதோடு டைரக்டரும் மாறலாம். இதை மனதில் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் ஏற்றிக்கொள்வார்கள்.

சீரியலில் இருந்து சினிமாவுக்குப் போக முடியுமா?

இதுதான் அந்தக் கேள்வி. போனவர்கள் இருக்கிறார்கள். அனுராக் பாசு, ‘தாரா’ சீரியலில் ராமன் குமாரிடம் உதவியாளராக இருந்து, அதே சீரியலை இயக்கி, பிறகுதான் ‘மர்டர்’, ‘பர்ஃபி’ எல்லாம். இம்தியாஸ் அலியும் 2005-இல் முதல் படம் எடுப்பதற்கு முன் சீரியல் இயக்கியவர். திருமுருகன் ‘மெட்டி ஒலி’ முடித்துவிட்டு ‘எம் மகன்’ எடுத்தார், நன்றாகவும் ஓடியது, ஆனாலும் சீரியலுக்கே திரும்பி வந்தார்.

இந்த இரண்டு மூன்று பெயரைக் காட்டித்தான் எல்லோரும் உள்ளே வருகிறார்கள். நான் பார்த்த வரை பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. திறமை இல்லாததால் அல்ல, ஸ்கிரிப்ட் எழுத நேரமில்லாததால். 12 மணி நேர ஷிப்ட், போக வர 3 மணி நேரம், வீட்டுக்கு வந்தால் மறுநாள் சீன். சினிமாதான் லட்சியம் என்றால் சீரியலில் இரண்டு மூன்று வருஷம் செட்டைக் கற்றுக்கொண்டு, கொஞ்சம் காசு சேர்த்து, வெளியே போய்விடுங்கள். ஐந்தாவது வருஷம் ஆகிவிட்டால் மாதச் சம்பளமும் இஎம்ஐயும் உங்களை உட்கார வைத்துவிடும். இன்னொரு வழி ராஜன் ஷாஹி போன வழி: சீரியல் டைரக்டராக இருந்தே தயாரிப்பாளர் ஆகி, கம்பெனிக்கு டைரக்டர்ஸ் கட் என்றே பெயர் வைத்தவர். ‘பிதாயி’, ‘யே ரிஷ்தா க்யா கெஹ்லாதா ஹை’, ‘அனுபமா’ எல்லாம் அங்கிருந்து வந்தவை.

தமிழ் ஆளுக்கு இந்தி சீரியலில் என்ன வேலை? மொழி உதைக்காதா?

தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ வளர்ந்த பிள்ளைக்கு இந்தி பேசக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் சீரியல் இந்தி வேறு: ராஜஸ்தானி வீடு என்றால் ஒரு வாடை, பனாரஸ் என்றால் இன்னொன்று. ‘கா’வா ‘கி’யா என்று ஒரு தடவை தடுமாறினால் ‘மதராசி’ என்று சிரிப்பார்கள், விட்டுத் தள்ளுங்கள். தேவநாகரி வேகமாகப் படிக்கப் பழகுங்கள், நடிகருக்கு வசனத்தைப் படித்துக் காட்டும்போது, அதாவது பிராம்ப்ட் கொடுக்கும்போது, திக்கினால்தான் ஆபத்து.

நமக்கு ஒரு லாபமும் உண்டு. கதைகள் தெற்கும் வடக்கும் போய்வந்துகொண்டே இருக்கின்றன. ‘திருமதி செல்வம்’தான் 2009-இல் ‘பவித்ர ரிஷ்தா’ ஆனது, ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’தான் ‘பாண்ட்யா ஸ்டோர்’. ‘பாக்கியலட்சுமி’யும் ‘அனுபமா’வும் ‘ஸ்ரீமொயீ’ என்ற வங்காளத் தொடரில் இருந்து வந்த அக்கா தங்கைகள். ரீமேக் பேச்சு வரும்போது மூலத்தைப் பார்த்தவன் அறையில் ஒருவனாவது இருந்தால் நல்லது என்று கிரியேட்டிவ் தேடும். அப்போது கையைத் தூக்குங்கள்.

பணம் எப்படி?

டைரக்டருக்கும் உதவியாளர்களுக்கும் பெரும்பாலும் நாள் கணக்கு. இந்த மாதம் செய்த வேலைக்கு 90 நாள் கழித்துத்தான் பணம் என்பது இந்த ஊர் வழக்கம், அதிலும் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு வரும். ஆக முதல் மூன்று மாதம் வீட்டில் இருந்து பஸ் காசு வாங்க வேண்டியிருக்கும், அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு கம்பெனியில் எனக்கு வரவேண்டிய பாக்கி சீரியல் முடிந்த பிறகும் இழுத்தது. அசோசியேஷன் வழியாக எழுதிக் கொடுத்த பிறகுதான் வந்தது. அதனால் இஃப்டா, அதாவது டைரக்டர்கள் சங்கத்தின் கார்டு எடுப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். ஒவ்வொரு நாளும் செட்டில் எத்தனை மணிக்கு நுழைந்தீர்கள், எத்தனை மணிக்கு பேக்கப் என்று போனில் குறித்து வையுங்கள்.

சீரியல் திடீரென்று நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2020 மார்ச்சில் ஷூட்டிங் மூன்று மாதம் மொத்தமாக நின்றது. 2021 ஏப்ரலில் மகாராஷ்டிராவில் மறுபடி தடை வந்தபோது யூனிட்டுகள் கோவா, ஹைதராபாத், உம்பர்காவ் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடின, கூட்டிப் போகாதவர்களுக்கு நாள் கூலியும் இல்லை.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

வரலாம், வருகிறார்கள். கிரியேட்டிவ், காஸ்ட்யூம், எழுத்து பக்கம் பெண்கள் நிறைய. டைரக்டர் நாற்காலியில் இன்னும் குறைவு. பேக்கப் லேட் ஆனால் வீட்டில் இறக்கிவிட வண்டி உண்டா என்பதை சேரும் முன்பே கேளுங்கள், கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கமே வேண்டாம்.

ஒரே மாதிரி அழுகை, ஒரே மாதிரி அறை. சலிக்காதா?

சலிக்கும். மூன்று தடவை திரும்பும் முகம், இடி சத்தம், எல்லாம் தெரிந்துதான் எடுக்கிறோம். ஆனால் எவ்வளவு மோசமான சீனிலும் ஒரு இடம் இருக்கும். குற்றம் சாட்டப்பட்ட மருமகள் பேசாமல் பூஜைத் தட்டில் சாய்ந்த விளக்கை நிமிர்த்தி வைக்கட்டும் என்று ஒரு டைரக்டர் சொன்னார், ஸ்கிரிப்டில் அது இல்லை, நடிகைக்கு அது பிடித்துப்போய் அந்த ஷாட்டில் அழுகையே இல்லாமல் முடித்தார். சேனலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எடிட்டரும் வெட்டவில்லை. அதுபோதும் என்று நினைக்கிற ஆட்கள்தான் இந்த வேலையில் வருஷக்கணக்கில் இருக்கிறார்கள். போதாது என்று நினைப்பதிலும் தப்பில்லை, வேறு வேலை பாருங்கள்.

ஓடிடி வந்த பிறகு டெய்லி சீரியல் செத்துவிடும் என்கிறார்களே?

நான் சேர்ந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள், காரணம் மட்டும் வேறு.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

படிக்க வசதி இருந்தால் புனே இன்ஸ்டிடியூட்டில் டெலிவிஷன் டைரக்ஷனுக்குத் தனியாக ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது, நல்ல படிப்பு. இல்லாவிட்டால் நேராக உதவியாளராகச் சேர்ந்து கண்டின்யூட்டி எழுதுங்கள். எந்த ஷாட்டில் எந்தக் கையில் தட்டு, பொட்டு எவ்வளவு பெரியது, முந்தானை எந்தத் தோளில் என்று பார்த்துப் பார்த்து எழுதும் அந்த வேலைதான் பின்னால் டைரக்டரின் கண்ணாக மாறும். மூன்று நான்கு வருஷத்தில் அசோசியேட், அப்புறம் ஒரு நாள் மெயின் டைரக்டருக்குக் காய்ச்சல் வரும், செகண்ட் யூனிட்டை நீங்கள் பாருங்கள் என்பார்கள். அநேகமாக எல்லோருக்கும் முதல் வாய்ப்பு இப்படித்தான் வருகிறது.

செட்டுகள் கோரேகான் ஃபிலிம் சிட்டி, மலாட் மட் ஐலண்ட், மீரா ரோடு, நய்காவ் என்று பரந்து கிடக்கின்றன. சயானில் இருந்து நய்காவ் போக தாதரில் வண்டி மாற வேண்டும், காலை 9 மணி கால் டைமுக்கு ஆறரைக்கே வீட்டை விட்டுக் கிளம்புங்கள். ஃபிலிம் சிட்டிக்கு கோரேகான் கிழக்குப் பக்கம் இறங்கி ஆட்டோ. நேஷனல் பார்க் ஒட்டியே இருப்பதால் சிறுத்தை செட்டுக்குள் நுழைந்த செய்தி அவ்வப்போது வரும், ராத்திரி பேக்கப்புக்குப் பிறகு கேட் வரை தனியாக நடக்காமல் யூனிட் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். முதல் நாள் கறுப்பு டி-ஷர்ட், சத்தம் போடாத செருப்பு, இரண்டு பேனா, போன் சார்ஜர்.